கையும் பேசும், கண்ணும் கேட்கும்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வரிசையில் பேச வருமாறு செயலாளர் என்னை அழைத்தபொழுது, கந்தபுராணத்தில் ஒரு பகுதியை எடுத்துரைப்பேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். நான் புலவனல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்ற தமிழோடு வெளியேறி, அரசாங்கப் பணியில் மலாய்மொழிக் கோப்புகளுக்கிடையே காலங்கழித்து வருபவன். ஆகவே, எனக்குச் சிறிதேனும் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேச இசைவு தாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். செவி கேளாதோரும் நாமும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது எங்ஙனம் என்பதே அது. இதனை நான் நூல்களிலிருந்து கற்றது குறைவு. என் தாய்மாமன் ஒருவரை அறிந்துகொள்ளாமலே இழந்ததிலிருந்து கற்றதுதான் மிகுதி.

மாமா 1946ஆம் ஆண்டு பிறந்தவர். இரண்டு வயதில் கண்ட கடுங்காய்ச்சல் அவருடைய செவிப்புலனைக் கொண்டுபோய்விட்டது. பாட்டியார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் கோயிலில் கேட்ட கதைகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். அவற்றுள் அவர் இறுகப் பற்றிக்கொண்டது குமரகுருபர சுவாமிகளின் வரலாறு. திருவைகுண்டத்தில் பிறந்த அக்குழந்தை ஐந்தாண்டு வரை பேசாதிருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதை நாம் அனைவரும் அறிவோம். என் பாட்டியாரும் தம் மகனின் ஐந்தாவது பிறந்த நாள் வரை காத்திருந்தார். பின்னர் ஆறாவது வரை. தைப்பூசந்தோறும் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தார். ஏழாவது பிறந்த நாளும் கழிந்தது.

முருகன் அருளைக் குறைத்துப் பேச நான் இங்கு நிற்கவில்லை. அருள் எதையும் செய்யும் என்பாருக்கு என்னிடம் மறுமொழியும் இல்லை. ஆனால் அவ்வரலாற்றை நாம் ஒரு பக்கமாகவே கேட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குழந்தை குமரகுருபரர் வாய் பேசவில்லையே தவிர, செவி கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அந்த ஐந்தாண்டுகளிலும் தாயின் தாலாட்டும், தந்தையின் பேச்சும், கோயிலின் ஓசையும் அவருள்ளே தமிழாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. மடை திறந்ததும் தேங்கியிருந்தது பாய்ந்தது. செவி கேளாத குழந்தைக்கு அவ்வாறு எதுவும் உட்சென்று தேங்குவதில்லை. அக்குழந்தைக்கு மொழி செல்லும் வாசல் கண்தான். அவ்வாசலில் எவரும் வந்து நிற்காவிடில் குழந்தை இழப்பது பேச்சை மட்டுமன்று, மொழியையே இழக்கிறது. குழந்தை மொழியைப் பற்றிக்கொள்வதற்கு உகந்த பருவம் முதல் சில ஆண்டுகளே என்பது இன்று மருத்துவர்களும் மொழியறிஞர்களும் ஒப்புக்கொள்ளும் செய்தி. பாட்டியார் காத்திருந்தவை சரியாக அந்த ஆண்டுகள். அவரைக் குறை சொல்லேன். அன்று அவருக்கு எடுத்துச் சொல்வார் யாரும் இலர்.

செவி கேளாப் பிள்ளைகளுக்கான கூட்டரசுப் பள்ளி நம் பினாங்கில் 1954ஆம் ஆண்டு தொடங்கப் பெற்றது. இன்றும் தஞ்சோங் பூங்காவில் அப்பள்ளி இயங்கி வருகிறது. அடுத்த ஆண்டு, தம் ஒன்பதாம் வயதில், மாமா அங்குச் சேர்ந்தார். பல மாநிலங்களிலிருந்தும் வந்த மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கிப் படித்தனர்.

அக்காலத்தில் உலகெங்கும் ஓங்கியிருந்தது வாய்மொழி முறை. ஆசிரியரின் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். தன் குரலை எழுப்பிப் பேசப் பழக வேண்டும். கையசைத்துப் பேசுதல் ஆகாது. 1880ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு எடுத்த முடிவின் விளைவு இது. அம்முடிவைச் செவி கேளாதோர் கல்விக்கான உலக மாநாடு தவறென்று ஒப்புக்கொண்டது 2010ஆம் ஆண்டு, கனடாவின் வான்கூவர் நகரில். இடையில் கழிந்தவை நூற்று முப்பது ஆண்டுகள்.

உதட்டைப் பார்த்துப் படித்தல் எத்துணைக் கடினம் என்பதை இன்றிரவு இல்லத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று ஓசையின்றி 'பணம்' என்று சொல்லுங்கள். பிறகு 'மணம்' என்று சொல்லுங்கள். பாலை, மாலை, படி, மடி. உதடு செய்யும் வேலை ஒன்றே. இவை போகட்டும், 'அம்மா' என்பதும் 'அப்பா' என்பதுங்கூடப் பார்ப்பவர் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும்! ககரமும் ளகரமும் வாயின் உள்ளே பிறப்பவை. அவை வெளியே தெரிவதே அரிது. ஒருமுறை கேட்ட மொழி நெஞ்சில் இருப்பவருக்கு, முன்பின் வருவதை வைத்து ஊகிக்க இயலும். மொழியே இனிமேல்தான் வர வேண்டும் என்னும் பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்?

ஆனால் பிள்ளைகள் பிள்ளைகளே. வகுப்பறையில் வாய் பேசப் பழகிய அவர்கள், வகுப்பறைக்கு வெளியே விடுதியிலும் திடலிலும் கைகளால் பேசத் தொடங்கினர். எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த சைகையும் மற்றொருவர் கொண்டுவந்த சைகையும் கலந்து, ஆண்டுக்காண்டு புதிய மாணவரிடம் சென்று, செப்பமடைந்து, ஒரு மொழியே உருவாயிற்று. 'பினாங்கு சைகை மொழி' என்று மொழி அட்டவணைகளில் இடம்பெற்றிருப்பது அதுவே. பிற்காலத்தில், 1970களின் இறுதியிலும் 1980களிலும், நிகராகுவா நாட்டின் மனாகுவா நகரில் இதே போன்று பள்ளிப் பிள்ளைகளிடையே ஒரு சைகை மொழி பிறந்ததை உலக அறிஞர்கள் வியந்து எழுதினர். நம் தீவில் அதற்கு இருபதாண்டுகள் முன்னரே நிகழ்ந்ததைப் பற்றி நம்மவருள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பினாங்கில் வழங்கும் மொழிகள் பல. பினாங்கிலேயே பிறந்த மொழி என்று சொல்லத்தக்கது இதுவன்றோ? இன்று முதியோர் சிலரிடமே அது எஞ்சி நிற்கிறது.

கையால் பேசுவது மொழியாகுமா, வெறும் சாடைதானே என்று கேட்பாரும் உண்டு. அமெரிக்கச் சைகை மொழிக்குச் சொல்லமைப்பும் இலக்கணமும் உண்டென்று வில்லியம் ஸ்டோக்கி என்னும் பேராசிரியர் 1960ஆம் ஆண்டு ஆராய்ந்து வெளியிட்டார். அதன்பின் அறிஞரிடையே அவ்வையம் நீங்கிற்று. நம்மிடையே அவ்வையம் எழுந்திருக்கவே வேண்டியதில்லை. கல்லால மரத்தடியில் வீற்றிருக்கும் தட்சிணாமூர்த்தி வாய் திறவாது, கைம்முத்திரையால் முனிவர் நால்வருக்கு உபதேசம் செய்ததாகப் போற்றுகின்ற நாம், கைகளுக்கு மொழியில்லை என்று எப்படிச் சொல்லலாம்?

மீண்டும் என் மாமாவிடம் வருகிறேன். விடுமுறையில் வீட்டிற்கு வருவார்; பின்னர் ஜார்ஜ்டவுனில் மரத்தளவாடப் பட்டறை ஒன்றில் வேலைக்கு அமர்ந்து எங்களோடே தங்கிவிட்டார். எங்கள் வீட்டில் அவரோடு பேச எங்களிடம் இருந்தவை ஏறத்தாழ இருபது சைகைகள். மூக்குத்தியைத் தொட்டால் பாட்டி. மீசையைத் தடவினால் பாட்டனார். சாப்பாடு, தூக்கம், பணம், மழை, கோயில் என்பனவற்றுக்கும் இருந்தன. இவற்றை வைத்துக்கொண்டு 'ஏன்' என்று கேட்க இயலாது. 'நேற்று பட்டறையில் என்ன நடந்தது' என்று கேட்க இயலாது. 'எனக்கு மனம் சரியில்லை' என்று சொல்லவும் இயலாது. வீட்டில் அனைவரும் சிரிக்கும்பொழுது அவரும் சிரிப்பார். எதற்குச் சிரித்தோம் என்று கையால் வினவுவார். 'ஒன்றுமில்லை' என்று கையை ஆட்டிவிடுவோம். அந்த ஒரு சைகையை மட்டும் எங்கள் வீட்டில் சிறு குழந்தையும் நன்கு அறிந்திருந்தது.

அவருக்குக் கோயில் மிகவும் பிடிக்கும். திருவிழாவில் தவில் வாசிப்பவருக்கு மிக அருகில் சென்று மண்டபத் தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். தாளம் தூணின் வழியே அவரிடம் வரும். நான் சிறுவனாயிருந்தபொழுது, கூச்சத்தால் அவர் கையைப் பிடித்து இழுத்து அப்பால் கொண்டுசென்றிருக்கிறேன்.

2009ஆம் ஆண்டு மாமா காலமானார். உடலைக் கிடத்தியிருந்தபொழுது, எங்களுக்கு அறிமுகமில்லாத முதியோர் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தனர். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் கலந்திருந்தனர். பள்ளித் தோழர்கள் என்று பிறகு தெரிந்தது. உடலைச் சுற்றி நின்று கைகளால் பேசினர், அழுதனர், இடையில் திடீரென்று சிரித்தனர். வீட்டார் சிலருக்கு அச்சிரிப்பு உறுத்தலாயிருந்தது. நான் தாளும் பேனாவும் எடுத்துச் சென்று, என்ன பேசுகிறீர்கள் என்று எழுதிக் கேட்டேன். சீன மூதாட்டி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார்: உங்கள் மாமாவைப் போல் கதை சொல்பவர் எங்களுள் எவருமில்லை, பட்டறை முதலாளி நடப்பது போலவும், பூனை திருடித் தின்பது போலவும் நடித்துக் காட்டுவார், அவற்றைத்தான் நினைவுகூர்கிறோம் என்று. அதனை என் தாயாரிடம் படித்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அண்ணன் அவ்வளவு பேசுவாரா?" என்று கேட்டார். அறுபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்த தமையனைப் பற்றி ஒரு தங்கை கேட்ட கேள்வி அது.

அன்பர்களே, அத்தகைய ஒரு வீட்டில் வளர்ந்த எனக்குப் பிறரைவிடக் கூடுதல் அறிவு இருந்திருக்க வேண்டுமன்றோ? அதுவும் இல்லை. மாமா மறைவதற்கு ஈராண்டுகள் முன்னர், நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், நடுத்தர வயதுடைய ஒருவர் காலை எட்டரை மணிக்கு வந்து அமர்ந்தார். எண்ணை உரக்கக் கூவி அழைக்கும் வழக்கம் அங்கே. அவருடைய எண்ணை நானே மும்முறை அழைத்தேன், எழவில்லை, அடுத்த எண்ணுக்குச் சென்றுவிட்டேன். நண்பகலில் கதவடைக்கும் வேளையில் தம் சீட்டை என்னிடம் நீட்டிக் காதைத் தொட்டுக் காட்டினார். எண்ணை ஓர் அட்டையில் எழுதி உயர்த்திக் காட்டியிருந்தால் போதும். அதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறோம். குற்றம் காதிலா, கண் இருக்கக் காதில் ஊதியவனிடமா என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

நாட்டு நடப்பு அதற்குள் வெகுதூரம் மாறியிருந்தது. 1970களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் கல்லாடெட் கல்லூரியைச் சேர்ந்த ஃபிரான்சஸ் பார்சன்ஸ் என்னும் அம்மையார் மலேசியாவிற்கு வந்தார். அவரும் செவி கேளாதவரே. பேச்சு, எழுத்து, சைகை அனைத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். 1978 முதல், மலாய்மொழியைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் 'கோட் தாங்கான்' முறை பள்ளிகளுக்கு வந்தது. 'மெ', 'பெர்', 'கான்' போன்ற ஒட்டுகளுக்குங்கூட அதில் தனிச் சைகைகள் உண்டு. படிக்க உதவியதே தவிர, நண்பர்கள் கூடிப் பேச அது சுமையாகவே இருந்தது. செவி கேளாதோர் தமக்குள் இயல்பாக வழங்கி வளர்த்த மொழியே 'பஹாசா இஷாராத் மலேசியா'. 1998இல் மலேசியச் செவி கேளாதோர் சம்மேளனம் அமைந்த பிறகு அம்மொழி வலுப்பெற்றது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் அதற்கு ஏற்பும் கிடைத்தது. ஐக்கிய நாட்டு நிறுவனமும் செப்டம்பர் 23ஆம் நாளை அனைத்துலகச் சைகை மொழி நாளாக அறிவித்து, 2018 முதல் கொண்டாடி வருகிறது.

இவையெல்லாம் நன்றே. ஆனால் தமிழ்க் குடும்பத்திற்கு உரிய சிக்கல் ஒன்று அப்படியே இருக்கிறது. செவி கேளாத தமிழ்ப் பிள்ளை பள்ளியில் கற்பது மலாய் எழுத்தும் மலேசியச் சைகை மொழியும். வீட்டில் பேசுவதோ தமிழ். விரல்களால் எழுத்துக் கூட்டுவதும் ரோமன் எழுத்துகளில்தான். வள்ளி என்னும் குழந்தை தன் பெயரை விரலால் கூட்டும்பொழுது ளகரம் லகரத்தோடு ஒன்றாகிவிடும். அது பெரிய இழப்பன்று, புலவர்கள் பொறுத்துக்கொள்க. பெரிய இழப்பு, அப்பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் தாயும் மகளும் பேசிக்கொள்ள ஒரு மொழி இல்லாமற் போவதே. செவி கேளாக் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் செவி கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். அக்குழந்தை தமிழைக் கேட்டுக் கற்கும் வாய்ப்பு அரிது. பெற்றோர் சைகை மொழியைப் பார்த்துக் கற்க இயலும். எவர் பக்கம் பாலம் தொடங்க வேண்டும் என்பது வெளிப்படை.

சைகை பழகினால் பிள்ளைக்குப் பேச்சு வராமலே போய்விடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை, மொழி ஒன்று உள்ளே இருக்குமாயின் மற்றொன்றைக் கற்பது எளிதே. பிறந்த சில நாட்களிலேயே செவிப்புலனைச் சோதிக்கும் கருவிகள் இன்று மருத்துவமனைகளில் உள்ளன. காதுக்கருவி உண்டு, உட்செவியில் பொருத்தும் 'காக்லியர்' கருவி நம் நாட்டிலும் முப்பதாண்டுகளாகப் பொருத்தப்படுகிறது. இயன்றவர் இவற்றைத் தாராளமாக நாடலாம். பால்குடமும் எடுக்கலாம். காத்திருக்கும் காலத்தில் கைகள் சும்மா இராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே நான் வேண்டுவது.

பிறவியிலேயே செவி கேளாதோர் சிலர். வயது ஏற ஏறச் செவி மங்குவோர் மிகப் பலர். இம்மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் என்னை மன்னிக்க வேண்டும். செவிப்புலன் இழப்பால் மறுவாழ்வுச் சேவை தேவைப்படுவோர் உலகில் 43 கோடிக்கும் மேல் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் தெரிவித்தது. நம் பெரியோர்களுள் பலர் கேட்காததை வெளியே சொல்வதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் புன்னகை செய்வர். பிறகு கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிடுவர். அவர்களிடம் கத்திப் பேசுவதால் பயனில்லை. கத்தினால் சொல் சிதையும். வெளிச்சம் நம் முகத்தில் விழுமாறு எதிரே நின்று, வாயைக் கையால் மறைக்காமல், சற்று நிதானமாகப் பேசினால் பாதி வேலை முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம் அணிந்தபொழுது இவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

இன்னொன்று, ஒலிபெருக்கி. இதைச் சொன்னால் விழாக் குழுவினர் கோபிக்கக் கூடும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்டல் ஆகாது என்பர். ஒவ்வொரு மூன்று டெசிபெல் கூடும்பொழுதும் அந்நேரம் பாதியாகக் குறையும். அவ்வாறு குறைத்துக்கொண்டே சென்றால், 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரமே மிஞ்சும். பெரிய ஒலிபெருக்கியின் அடியிலே நாள் முழுவதும் குழந்தைகளை அமர்த்திவிட்டுப் பின்னாளில் செவி மருத்துவரைத் தேடுதல் முறையாகுமா?

நம் ஆலயத்தைப் பொறுத்தமட்டில் நிர்வாகத்தினரிடம் நான் எழுதிக் கொடுத்திருப்பவை மிகச் சில. பூசை நேரம், அன்னதான நேரம், வாகனத்தை நகர்த்தக் கோரும் அறிவிப்பு ஆகியன வாயால் சொல்லப்படும்பொழுதே ஒரு திரையில் எழுத்திலும் வர வேண்டும். அர்ச்சனைச் சீட்டு எழுதுமிடத்தில் பெயர், நட்சத்திரம், ராசி ஆகியவற்றை எழுதிக் கொடுக்கவோ விரல் வைத்துக் காட்டவோ ஓர் அட்டை இருக்க வேண்டும். 'நட்சத்திரம் என்ன?' என்று குருக்கள் கேட்பது புரியாமல் திகைத்து நிற்பவரைப் பின்னாலிருந்து அவசரப்படுத்தும் காட்சியை நான் பன்முறை கண்டிருக்கிறேன். சமயச் சொற்பொழிவின்போது சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை, உரிய ஊதியம் தந்து, பேச்சாளருக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். திருவள்ளுவர் 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அச்செல்வம் செவியுடையாருக்கு மட்டும் உரியதாய் நின்றுவிடலாகாது. மண்டபத்தைச் சுற்றி ஒரு கம்பியைப் பதித்து, ஒலிவாங்கியின் ஒலியை நேரே காதுக்கருவிக்குள் செலுத்தும் 'லூப்' அமைப்பும் உண்டு. எல்லாக் காதுக்கருவிகளும் அதனை ஏற்பதில்லை. ஆகவே அடுத்த திருப்பணியின்போது ஆராய்ந்து செய்யலாம் என்று விட்டுவிட்டேன். கைப்பேசியில் நாம் பேசும் தமிழை உடனுக்குடன் எழுத்தாக்கும் வசதியும் வந்துவிட்டது. அது செய்யும் எழுத்துப் பிழைகளைக் கண்டால் என் தமிழாசிரியர் கண்ணீர் விடுவார். ஆயினும் பொருள் விளங்குகிறது.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் தொலைந்துபோன பிள்ளைகளைப் பற்றி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருப்பர். காணாமற் போனது செவி கேளாத பிள்ளையாயின் அவ்வறிவிப்பு அதற்கு எட்டாது. அப்பிள்ளையிடம் சென்று, 'அம்மா எங்கே? பயப்படாதே, என்னோடு வா' என்று கையால் கேட்கவும் சொல்லவும் தெரிந்த தொண்டர் நால்வர் நம் இளைஞர் பிரிவில் இருந்தால் போதும். பத்துப் பதினைந்து சைகைகளே அதற்குத் தேவை. அவற்றை ஒரு மாலைப் பொழுதில் கற்கலாம்.

அதற்காகவே, செவி கேளாத நண்பர்கள் இருவரை இன்று அழைத்து வந்திருக்கிறேன். இதோ, வலப்பக்கத் தூணருகே அமர்ந்திருக்கின்றனர். அன்னதானப் பந்தி தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. அதுவரை அவர்கள் இங்கேயே இருந்து சொல்லித் தருவர். முதலில் அவர்களுடைய பெயர்களைக் கேட்டறியுங்கள். எப்படிக் கேட்பது என்பதையும் அவர்களே காட்டுவர்.